டிக்கெட் உண்டு, சீட் இல்லை

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் விமான நிலையம் கிடையாது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கத்து ஆட்களுக்குக் கோவை பீளமேடுதான் கிட்டத்து நிலையம். ஆலத்தூர், வடக்கஞ்சேரி என்று மேற்கே போகப் போகக் கொச்சி நெடும்பாசேரி. மூணாறு, அடிமாலிக்காரர்கள் நேரியமங்கலம் பாலம் தாண்டி நெடும்பாசேரிக்கு இறங்குவார்கள். குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை ஆட்களில் பலர் கம்பம் வழியாகவோ போடி வழியாகவோ மதுரைக்குப் போய் ஏறுகிறார்கள். எந்த வழியானாலும் மலையிறக்கம், செக்போஸ்ட், டோல், அங்கமாலி நெரிசல் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும். அதற்கு அஞ்சியே நம் ஆட்கள் காலை ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரியே ஜீப் ஏறிவிடுகிறார்கள்.

இத்தனையும் தாண்டிக் கவுண்டரில் போய் நின்றால், "ஃப்ளைட் ஃபுல் சார், அடுத்த ஃப்ளைட்ல அனுப்பறோம்" என்கிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து பணம் கைக்கு வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் விதி பெரும்பாலும் பயணியின் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் பயணி தோற்கிறார். காரணம், அன்றைக்கு நடந்தது எந்தப் பெயரில் பதிவாகிறது என்பதை அவர் கவனிப்பதில்லை. நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் "டினைட் போர்டிங்" என்று ஏறினால் இழப்பீடு உண்டு. "நோ-ஷோ" என்றோ "லேட் ரிப்போர்ட்டிங்" என்றோ ஏறிவிட்டால் இழப்பீடு இல்லாததோடு டிக்கெட் காசும் பெரும்பாலும் போய்விடும். மலையிலிருந்து வருகிறவர் என்றால் "லேட்டா வந்துட்டார்" என்று சொல்வது இன்னும் சுலபம். கேட்கிறவர்களும் நம்பிவிடுவார்கள். கீழே சொல்லியிருப்பதில் பாதிக்கு மேல் அந்தப் பேச்சை முறியடிப்பதற்கான ஏற்பாடுதான்.

ஏன் இருப்பதற்கு மேல் விற்கிறார்கள்

டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் வருவதில்லை. கூட்டம் தள்ளிப்போயிருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், முந்தின ஃப்ளைட் தாமதமாகியிருக்கும். ஒரு தடத்தில் வழக்கமாக எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்ற பழைய கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி இருக்கைகளைவிடச் சில டிக்கெட் கூடுதலாக விற்கிறார்கள். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ வகுத்த விதியே இந்தப் பழக்கத்தை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறது. சாதாரண நாளில் கணக்கு சரியாக வந்துவிடும். ஓணம், தீபாவளி, பொங்கல், சபரிமலை சீசன், வளைகுடாப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஜூலை, ஆகஸ்ட் என்று எல்லோரும் வந்து நிற்கும் நாளில் தவறிவிடும்.

கூடுதலாக விற்காமலும் இதே நிலைமை வரலாம். 232 இருக்கை உள்ள ஏர்பஸ் ஏ321 பழுதாகி, அதற்குப் பதிலாக 186 இருக்கை உள்ள ஏ320 வந்து நின்றால் 46 பேருக்கு இடமில்லை. இருக்கைகள் சில உடைந்திருந்தாலும் இதே கதைதான். 2024 செப்டம்பர் 6 அன்று பெங்களூருவிலிருந்து புனே போகவிருந்த ஆகாசா ஏர் விமானத்தில் நடந்தது இதுதான். முதலில் போட்டிருந்த விமானம் பழுதாயிற்று. மாற்றாக வந்ததில் சில இருக்கைகள் உட்காரும் நிலையில் இல்லை. ஏழு பேரை ஏற்றவில்லை. அவர்களை ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வேறு நிறுவனத்தின் விமானத்தில் அனுப்பினார்கள், இழப்பீடு தரவில்லை. டிஜிசிஏ 2024 டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. நம்மவர்கள் இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. "நாங்கள் கூடுதலாக விற்கவில்லை, விமானம் மாறிவிட்டது" என்ற சமாதானத்தை டிஜிசிஏ ஏற்கவில்லை. உங்களிடம் உறுதியான டிக்கெட் இருந்தது, நேரத்துக்கு வந்தீர்கள், ஏற்றவில்லை. இந்த மூன்றும் போதும்.

விதி என்ன சொல்கிறது

டிஜிசிஏ 2010 ஆகஸ்டில் கொண்டுவந்து, பிறகு 2016, 2019, 2023 என்று திருத்திய விதி இது. சிவில் விமானப் போக்குவரத்துத் தேவைகள் என்ற தொகுப்பில் பிரிவு 3, வரிசை எம், பகுதி 4. கடிதம் எழுதும்போது இந்த எண்ணை அப்படியே குறிப்பிடுங்கள். விவரம் தெரிந்த ஆள் என்று மறுமுனையில் இருப்பவருக்கு உறைக்கும்.

இடம் போதவில்லை என்றால் நிறுவனம் முதலில் செய்ய வேண்டியது, "யாராவது விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்பது. விட்டுக்கொடுப்பவருக்கு என்ன தருவது என்பது அவர்களும் அந்தப் பயணியும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு. கட்டாயமாக இறக்குவதைவிட ஏலம் போட்டு விருப்பப்பட்டவரை இறக்கலாமே என்று ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968-இல் எழுதினார். விமான நிறுவனங்கள் சிரித்துத் தள்ளின. 1972-இல் நுகர்வோர் உரிமைக்காரர் ரால்ஃப் நேடரையே அலகெனி ஏர்லைன்ஸ் ஏற்றாமல் விட்டுவிட்டது. அவர் விடாமல் வழக்காடி, 1976-இல் அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல்தான் முதலில் விருப்பப்பட்டவர்களைக் கேட்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. நம் விதியின் முதல் படியும் அதுவே. கவுண்டரில் இதைக் கேட்காமலே உங்களைத் தள்ளி நிறுத்தினால், "வாலன்டியர் யாரையாவது கேட்டீர்களா?" என்று நீங்கள் கேளுங்கள்.

யாரும் முன்வராமல் உங்கள் விருப்பத்துக்கு மாறாக நிறுத்தினால் கணக்கு இப்படிப் போகும். முதலில் போட்டிருந்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானம் தந்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் கிளம்பும் விமானம் என்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரண்டு மடங்கு. உச்சவரம்பு 10,000 ரூபாய். 24 மணி நேரம் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும், அதற்கு மேல் நான்கு மடங்கும் வரும். அதற்கும் உச்சவரம்பு 20,000.

மடங்கு என்பது நீங்கள் கட்டிய மொத்தப் பணத்துக்கு இல்லை. ஜிஎஸ்டி, விமான நிலையக் கட்டணம், கன்வீனியன்ஸ் ஃபீ எதுவும் கணக்கில் சேராது. கொச்சியிலிருந்து பெங்களூருக்கு 4,300 கொடுத்து எடுத்த டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 2,900, எரிபொருள் 300 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மடங்கு 6,400, நான்கு மடங்கு 12,800. டில்லிக்கு அதே இரண்டும் சேர்ந்து 7,500 என்றால் இரண்டு மடங்கு 15,000 வரும், ஆனால் கைக்கு 10,000தான். கட்டணத்தின் இந்தப் பிரிவுகள் டிக்கெட் பிடிஎஃப்பில் இருக்கும். ஏஜென்ட் தரும் ஒற்றைப் பக்கத் தாளில் இருக்காது, அதனால் நிறுவனத்தின் சொந்த டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள்.

இழப்பீட்டை ரொக்கமாகவோ வங்கி வழியாகவோ கேளுங்கள். வவுச்சராகத் தர வேண்டுமானால் நீங்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை விமானம் ஏறுகிறவருக்கு ஆறு மாதத்தில் காலாவதியாகும் வவுச்சரால் ஒரு பயனும் இல்லை. கையெழுத்துப் போடும்முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு இறக்கி உட்கார வைப்பதற்கும் 2023 பிப்ரவரி 15 முதல் தனிக் கணக்கு உண்டு. உள்நாட்டில் டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வரும்.

வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

இடம் போதாமல் போகும்போது யாரை நிறுத்துவார்கள்? கடைசியாக செக்-இன் செய்தவர், சீட் நம்பர் இல்லாதவர், மலிவான டிக்கெட்காரர், தனியாக வருபவர். குடும்பத்தைப் பிரித்தால் சத்தம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே வெப் செக்-இன் திறந்த உடனே போட்டு, சீட் நம்பரோடு போர்டிங் பாஸை போனில் சேமித்துவிடுங்கள். பல நிறுவனங்கள் 48 மணி நேரம் முன்பே திறக்கின்றன. தோட்டத்து லயத்தில் டவர் கிடைக்காது என்பது உண்மைதான். அடிமாலிக்கோ மறையூருக்கோ போகும் யாராவது ஒருவரிடம் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்துவிட்டால் அவர் போட்டுவிடுவார். போர்டிங் பாஸில் சீட் நம்பர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தாலோ, கேட்டில் தருவோம் என்று அச்சாகியிருந்தாலோ, அன்றைக்குக் கூட்டம் நெருக்கமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டு இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

அடுத்தது ஏஜென்ட். குமுளி, மூணாறு, சித்தூர் என்று எங்கள் ஊர்களில் டிக்கெட் பெரும்பாலும் டிராவல்ஸ் கடையில்தான் எடுக்கப்படுகிறது. கடைக்காரர் தன்னுடைய போன் நம்பரையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது அவருக்குப் பழகிப்போன வேலை. ஆனால் விமானம் ரத்து என்ற செய்தி அவருக்குத்தான் போகும். திரும்ப வரும் பணமும் பல சமயம் அவர் கணக்குக்கே போகும். தொடர்பு விவரத்தைச் சரியாகத் தராத பயணிக்கு ரத்துக்கான இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. டிக்கெட் போடும்போதே கடையில் நின்று, "என் நம்பரைப் போடுங்கண்ணா" என்று சொல்லி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் நாளில் நேரத்துக்குச் சாட்சி சேர்க்க வேண்டும். வண்டியில் ஃபாஸ்டேக் இருந்தால் பன்னியங்கரையோ பாலியேக்கரையோ தாண்டிய நேரம் ஓட்டுநரின் போனுக்கு எஸ்.எம்.எஸ். ஆக வரும். விமான நிலைய பார்க்கிங் சீட்டிலும் உள்ளே நுழைந்த நேரம் இருக்கும். பஸ்ஸில் வந்தால் டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும்விட நல்லது, கவுண்டர் வரிசையில் நிற்கும்போதே, நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் மேலே தொங்கும் விமானப் பட்டியலும் தெரிகிற மாதிரி ஒரு புகைப்படம். போன் தன்பாட்டுக்கு நேரத்தைப் பதித்துவிடும். உள்நாட்டுப் பயணத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிஷத்துக்கு முன்பு கவுண்டர் அடைபடும், கேட் 25 நிமிஷத்துக்கு முன்பு. உங்கள் டிக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். கவுண்டர் வரிசை நீளமாக இருந்து நேரம் கரைந்தால் வரிசையிலேயே கிடக்காதீர்கள். முன்னால் போய்ச் சொல்லுங்கள், அதையும் படமெடுங்கள். நீங்கள் வரிசையில் நின்றதற்குச் சாட்சி இல்லாவிட்டால் அதுவும் "லேட்" கணக்கில் சேர்ந்துவிடும்.

கவுண்டரில் நிற்கும்போது

கோபப்படாதீர்கள் என்று அறிவுரை சொல்ல வரவில்லை, ஆனால் கோபத்தை வார்த்தையில் கொட்டிவிட்டால் அதைச் சாக்காக வைத்து "பயணி தகராறு செய்தார்" என்று எழுதிவிட முடியும். அதனால் நிதானமாக, எல்லோர் காதிலும் விழும்படி மூன்று விஷயம் கேளுங்கள். என்னை ஏற்றாததற்குக் காரணம் என்ன, அதை எழுதிக் கொடுங்கள். மாற்று விமானம் எப்போது, அதில் சீட் உறுதியா, வெயிட்டிங்கா? இழப்பீடு எவ்வளவு, எப்படித் தருவீர்கள்?

எழுதித் தர மாட்டோம் என்பார்கள். "மேலே இருந்து மெயில் வரும்" என்பார்கள். சரி என்று விட்டுவிடாமல், அங்கேயே நின்றபடி நிறுவனத்தின் வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதிவிடுங்கள்: இன்ன தேதி, இன்ன விமானம், இன்ன நேரத்துக்குக் கவுண்டருக்கு வந்தேன், இடமில்லை என்று ஏற்றவில்லை. நீளம் வேண்டாம், இரண்டு வரி போதும். இந்த மின்னஞ்சல் போன நேரம்தான் பிறகு உங்கள் பெரிய பலம். பல நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்து எழுதும் புகாரை "அப்புறம் யோசித்து எழுதியது" என்று தள்ளிவிடலாம். கவுண்டருக்கு முன்னால் நின்று எழுதியதை அப்படித் தள்ள முடியாது.

நெடும்பாசேரியில் கவுண்டர் ஆட்கள் மலையாளம் பேசுவார்கள்; பேசத் தெரிந்தால் மலையாளத்திலேயே பேசுங்கள், காரியம் சீக்கிரம் நடக்கும். கோவையிலும் மதுரையிலும் தமிழ் போதும். 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுதலாம் என்ற உரிமை நமக்குண்டு. தனியார் விமான நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. மின்னஞ்சலை ஆங்கிலத்தில் எழுதிக் கொள்வதே நல்லது. பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதினாலும் செல்லும்.

"விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன செய்வது? அவசரம் இல்லாவிட்டால் விட்டுக்கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் முதல் தொகைக்குத் தலையாட்ட வேண்டாம். கட்டாயமாக இறக்கினால் எவ்வளவு தர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? அதற்குக் கீழே பேச்சைத் தொடங்கவே கூடாது. அடுத்த விமானத்தில் உறுதியான சீட், இடைப்பட்ட நேரத்துக்குச் சாப்பாடு, ராத்திரி ஆனால் தங்க இடம், எல்லாம் தாளில் வரட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விருப்பப்பட்டு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டபின் கட்டாய இழப்பீட்டைக் கேட்க முடியாது. "ஃபார்மாலிட்டிதான், இங்க ஒரு சைன்" என்று நீட்டும் தாள் சில சமயம் இதுவாகவே இருக்கும். படிக்காமல் போடாதீர்கள்.

இன்னொரு வலை நம் பகுதிக்கே உரியது. கொச்சியில் சீட் இல்லை, கோவையிலிருந்து ராத்திரி இருக்கிறது என்பார்கள். பாலக்காட்டுக்காரருக்கு அது வசதியாகவே தோன்றலாம். மூணாறுக்காரருக்கு அது இன்னொரு ராத்திரிப் பயணம். ஒப்புக்கொள்வதானால் டாக்ஸிச் செலவை யார் கொடுப்பது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

எது இதில் சேராது

வளைகுடா போகிறவர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். இமிகிரேஷனில் அதிகாரி தடுத்தால் அதையும் நம்மவர்கள் "ஆஃப்லோடு பண்ணிட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை. விசிட் விசாவில் போகும்போது ரிட்டர்ன் டிக்கெட் இல்லை, தங்குமிடச் சான்று இல்லை, ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டுக்கு அந்த அனுமதி இல்லை என்று கவுண்டரில் நிறுத்தினாலும் இழப்பீடு கிடையாது. ஆனால் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்தினார்கள் என்றால் அது வேறு விஷயம். எந்தத் தாள் குறைகிறது என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து, கொச்சியில் முதல் விமானத்தில் ஏற்றாததால் மும்பையில் துபாய் விமானத்தைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் உங்களை "நோ-ஷோ" என்றே எழுதும். ஒரே பி.என்.ஆர். ஆக இருந்தால் கடைசி ஊர்வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் வேலை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தனித்தனியாக எடுப்பது, வேலைக்குச் சேரும் தேதி நெருக்கத்தில் இருப்பவருக்குப் புத்திசாலித்தனம் இல்லை.

விமானமே ரத்தானால் அதற்கு வேறு கணக்கு. உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரம் ஒரு மணி வரை 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஆகவே ஏற்றாமல் விட்டதற்கான தொகை பெரும்பாலும் ரத்துக்கான தொகையைவிடப் பெரியது. வெள்ளம், மோசமான வானிலை, கலவரம், பாதுகாப்பு அச்சுறுத்தல் போல நிறுவனத்தின் கைமீறிய காரணம் என்றால் இழப்பீடு இல்லை, டிக்கெட் பணமோ மாற்று விமானமோ மட்டும்தான். 2018 ஆகஸ்டில் பெரியாறு பொங்கி நெடும்பாசேரி 15-ஆம் தேதியிலிருந்து 29-ஆம் தேதி வரை மூடிக் கிடந்தபோது யாரும் இழப்பீடு கேட்டிருக்க முடியாது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று விடுப்பெடுத்து, கேரளத்திலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் ரத்தானது அந்த வகையா? வேலைநிறுத்தமும் கைமீறிய காரணங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தன் சம்பளத்தில் இருக்கும் ஆட்களோடு வந்த தகராறை வெள்ளத்தோடு சேர்த்து எண்ணுவது நியாயமில்லை என்பது என் கருத்து. நுகர்வோர் ஆணையத்தில் வாதாட இடமிருக்கிறது.

புகார் போகும் வழி

முதலில் நிறுவனத்துக்கு. ஒவ்வொரு நிறுவனத்தின் இணையதளத்திலும் நோடல் அதிகாரி, அதற்கு மேல் அப்பீல் அதிகாரி என்று இருவர் விவரம் இருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பதைவிட நோடல் அதிகாரிக்கு எழுதுவது மேல். கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"பி.என்.ஆர். எண் ____. ____ தேதி ____ மணிக்குக் கொச்சியிலிருந்து ____ செல்லும் ____ எண் விமானத்தில் எனக்கு உறுதியான டிக்கெட் இருந்தது. ____ மணிக்கு செக்-இன் கவுண்டருக்கு வந்துவிட்டேன், சான்று இணைத்துள்ளேன். இடம் இல்லை என்று சொல்லி என் விருப்பத்துக்கு மாறாக ஏற்றவில்லை. மாற்று விமானம் ____ மணிக்குத்தான் தரப்பட்டது. டிஜிசிஏ விதித் தொகுப்பு பிரிவு 3, வரிசை எம், பகுதி 4-இன்படி எனக்குச் சேர வேண்டிய ____ ரூபாயை கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். வவுச்சர் எனக்குச் சம்மதமில்லை. அன்றைய கவுண்டர் கண்காணிப்பு கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேமராப் பதிவை நெடுநாள் வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் எழுத்தில் கேட்ட பிறகு அது அழிந்துபோனால், ஆணையத்தில் அது அவர்களுக்கு எதிராகப் பேசும்.

பதில் வரவில்லை, அல்லது "நோ-ஷோ" என்று பதில் வந்தது என்றால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் புகார் போடுங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏர்சேவாவில் போட்ட புகார் சுற்றி அதே நிறுவனத்தின் மேசைக்கே போகும் என்றாலும், அமைச்சகத்தின் கண்ணில் பட்ட புகார் என்பதால் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. தனி ஆளின் பணத்தை வசூலித்துத் தரும் நீதிமன்றமாக டிஜிசிஏ உட்காருவதில்லை. ஆனால் புகார்கள் சேரும்போது அது கையை ஓங்குகிறது: 2022 ஜூனில் பெங்களூரு, ஹைதராபாத், டில்லி விமான நிலையங்களில் சோதனை நடத்திவிட்டு, ஏற்றாமல் விட்டவர்களுக்கு இழப்பீடு தராததற்காக ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் அபராதம் போட்டது.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் தன் நாட்டு விதிப்படியோ நம் விதிப்படியோ இழப்பீடு தரலாம். லண்டனிலும் ஐரோப்பாவிலும் நர்ஸ் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: அங்கிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் அந்த ஊர் விதிதான். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 600 யூரோ, பிரிட்டனில் 520 பவுண்டு வரை. டிக்கெட் விலை எவ்வளவு என்பதைப் பார்ப்பதில்லை. நம் 10,000 ரூபாய் அதற்கு முன்னால் எவ்வளவு சின்னது என்று தெரியும்.

அந்த உச்சவரம்போடு நிற்க வேண்டியதில்லை. டிஜிசிஏ விதியில் உள்ள வரம்பு, அதற்கு மேல் நஷ்டம் ஏற்பட்டவர் நீதிமன்றத்தில் கேட்பதைத் தடுக்காது என்று டில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. கல்யாணத்தைத் தவறவிட்டவர், வேலையில் சேரும் தேதி போய் விசா காலாவதியானவர், சிகிச்சை தள்ளிப்போனவர் எல்லோரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் மூணாறுக்காரர் இடுக்கி ஆணையத்திலும் கொழிஞ்சாம்பாறைக்காரர் பாலக்காடு ஆணையத்திலும் போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே பதிவு செய்யலாம்.

வக்கீல் இருந்தால் தெம்பு என்று நினைப்பவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தோட்டத்துக் குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள். விமானப் போக்குவரத்தும் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் நிரந்தர லோக் அதாலத்துக்கும் கொண்டுபோகலாம். கட்டணம் இல்லை, முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள்.

மனுவில் தொகையை மொத்தமாக "ஐந்து லட்சம் வேண்டும்" என்று எழுதாமல் மூன்றாகப் பிரியுங்கள். விதிப்படி வர வேண்டிய இழப்பீடு தனி. ரசீதோடு காட்டக்கூடிய செலவு தனி: டாக்ஸி, விடுதி, வேறு டிக்கெட், போன வேலையின் நியமனக் கடிதம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்பது தனி. முதல் இரண்டுக்கும் தாள் இருந்தால் மூன்றாவதில் ஆணையம் தன் விருப்பப்படி கூட்டிக் குறைக்கும். முதல் இரண்டும் குறையாமல் நிற்கும்.